பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய் வயர்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஹோம் தியேட்டருக்கு எந்த ஆடியோ கேபிள் வாங்குவது என்பதுதான் விஷயம். "சாருக்கு ரிட்டயர் ஆனதும் வேற வேலை இல்ல" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களில் பாதிப் பேர் வீட்டு ஹாலில் இந்தச் சாமான் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பேருக்கு அடுத்த தீபாவளி ஆஃபரில் வரப்போகிறது.

எங்கள் 40ஆவது கல்யாண நாளுக்கு மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு செட் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு ஆம்ப், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஆடம்பரத்துக்காக இல்லை. என் மனைவிக்கு இரண்டு வருடமாகக் காது கொஞ்சம் மந்தம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, வயதானால் வருவதுதான், மெல்லிய கீச்சு ஒலிகள்தான் முதலில் போகும் என்றார். நம் பேச்சில் ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டுவதே அந்த ஒலிகள்தான். அவை போய்விட்டால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. பின்னணி இசையும் சேர்ந்துகொண்டால் வசனம் சுத்தமாக மூழ்கிவிடும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறாள்: "எல்லாரும் சிரிக்கிறப்ப நானும் சிரிச்சுக்கிறேன்டி."

மாப்பிள்ளை யோசித்தது சரியான யோசனை. ஐந்து ஸ்பீக்கர் செட்டில் டிவிக்குக் கீழே நடுவில் இருப்பது சென்டர் ஸ்பீக்கர். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வரும். அதன் ஒலியை மட்டும் தனியாகக் கூட்டலாம். டிவியின் சத்தத்தை மொத்தமாகக் கூட்டினால் இசையும் சேர்ந்து கூடும், பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நிற்பார்.

செட் விலை 48,000 ரூபாய். அதோடு இன்னொரு பில் இருந்தது. ஸ்பீக்கர் வயர் 30 மீட்டர், மீட்டர் 280 வீதம் 8,400. ஆப்டிகல் கேபிள் 1,800. சப்வூஃபர் கேபிள் 2,200. ஆக மொத்தம் 12,400. செட்டின் விலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வயருக்கே போயிருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "கடையில சொன்னாங்க மாமா, சாதா வயர் போட்டா சவுண்டு பாதிதான் வரும்னு. அத்தைக்குக் கேக்கணும்னுதானே வாங்குறோம், அதுல போயி கஞ்சத்தனம் பண்ண வேணாம்னு..." என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். கேபிள் விற்பனையே இந்த இடத்தில்தான் நடக்கிறது. (மாப்பிள்ளையின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, இன்னும் நாலு பேராவது தப்பிக்கட்டும்" என்றார்.)

செட்டைப் பூட்டினோம். படம் போட்டோம். என் மனைவி பத்து நிமிடம் பார்த்தாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு இப்போது தெரியும்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். கவுண்டரில் நின்ற பையன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். என் மாணவன். பெயரைச் சொல்லப்போவதில்லை, அவன் இதைப் படிப்பான். "சார், நீங்களா! அது உங்க மாப்பிள்ளையா சார்? தெரியாமப் போச்சே" என்றான். அந்த வயரில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்: "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். மின்தடை குறைஞ்சா கரண்ட் நல்லாப் போகும். வெள்ளிக்குச் செம்பை விட மின்தடை எண் கம்மி. இது வெள்ளி பூசுன வயர் சார்."

என்ன பதில் சொல்வது? அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. நான் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான். என் பாடத்தை வைத்தே என் வீட்டுக்கு வயர் விற்றிருக்கிறான்.

"சரிடா, எவ்வளவு கம்மி?" என்றேன். விழித்தான். "அதைக் கணக்குப் போட்டுப் பாத்தியா?"

"பரீட்சையில போட்டேன் சார்" என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் ஆட்டோவில் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் ஓம் விதி நடத்தியிருக்கிறேன். எது கூடும், எது குறையும் என்று சொல்லிக் கொடுத்தேன். எவ்வளவு கூடும், அது நமக்கு ஒரு பொருட்டா என்று கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. விலை உயர்ந்த கேபிள் விற்பவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. உண்மையைச் சொல்லி, அதன் அளவைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஆடியோ கேபிள் விஷயத்தில் என் கருத்து இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கணக்கு.

கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்பு அளவுதான். ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதம். இதை அளந்து சொன்ன ஜார்ஜ் ஓம் நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். பூட்டுத் தொழிலாளியின் மகன். கொலோன் நகரத்துப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் நடத்திக்கொண்டே, வெவ்வேறு நீளமும் பருமனும் உள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி மின்னோட்டத்தை அளந்தார். 1827இல் புத்தகமாகப் போட்டார். முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1841இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. அவர் செய்ததைத்தான் நானும் ஹாலில் உட்கார்ந்து செய்தேன், பதக்கம் கிடைக்காது என்று தெரிந்தே.

அந்த 280 ரூபாய் வயரை எடுத்தேன். பார்க்கச் சுண்டுவிரல் தடிமன். கண்ணாடி மாதிரி உறை, உள்ளே பளபளப்பு. முனையை உரித்து இழைகளை எண்ணினேன். ஒரு கோரில் 24 இழை. பழைய திருகு அளவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் வைத்து அளந்தால் ஓர் இழை 0.20 மி.மீ. விட்டம். ஆக மொத்தப் பரப்பு ஏறக்குறைய 0.75 சதுர மி.மீ. மேசை விளக்குக்குப் போடும் வயரின் அளவு! தடிமன் எல்லாம் பிளாஸ்டிக் உறையில்தான். பலாப்பழத்தை எடைபோட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்துச் சுளை இருந்த கதை.

என் ஹாலில் ஆம்ப் டிவி பக்கத்தில் இருக்கிறது. பின்பக்க ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் 12 மீட்டர். போக 12, வர 12, ஆக 24 மீட்டர் செம்பு. 0.75 வயரில் இதன் மின்தடை சுமார் 0.55 ஓம். என் ஸ்பீக்கர் 8 ஓம். அதே தூரத்துக்கு எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.28 ஓம்தான். 2.5 போட்டால் 0.17. வயரின் மின்தடை ஸ்பீக்கர் ஓமில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. அமெரிக்காவின் மெக்கின்டாஷ் ஆம்ப் கம்பெனியில் ஒலி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ரோஜர் ரஸ்ஸல் இதை வைத்தே ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். 8 ஓமுக்கு 0.4 ஓம் வரை விடலாம். 280 ரூபாய் வயர் அதில் ஃபெயில். 70 ரூபாய் வயர் தாராளமாகப் பாஸ்.

அப்போது வெள்ளி? முழுக்க முழுக்க வெள்ளியிலேயே வயர் செய்தாலும் செம்பை விட நூற்றுக்கு ஏழெட்டு பங்குதான் மின்தடை குறையும். 1.5 வயரில் 0.28 ஓம் என்பது 0.26 ஓம் ஆகும். மிச்சம் 0.02 ஓம். செம்பிலேயே ஒரு நம்பர் பெரிய வயர் எடுத்தால் இதைப் போல ஐந்து மடங்கு குறைகிறது. இதில் மேலே வெறும் பூச்சு என்றால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத செம்பு, அதாவது ஓஎஃப்சி என்று அட்டையில் பெரிதாகப் போடுவார்கள். நல்ல பொருள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் நல்ல கம்பெனி சாதாரண எலக்ட்ரிக் வயர் செம்போடு ஒப்பிட்டால் கடத்தும் திறனில் வித்தியாசம் நூற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

தங்கம் இன்னும் வேடிக்கை. தங்கத்தின் மின்தடை எண் செம்பை விட அதிகம்! முனையில் தங்கம் பூசுவது கரண்டைக் கூட்டுவதற்காக இல்லை, அது துருப்பிடிக்காது, களிம்பு ஏறாது என்பதற்காக. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊரில் இருப்பவர்களுக்கு முனையில் தங்கப்பூச்சு பயன்தான். ஆனால் எங்களுக்கு விற்ற 1,800 ரூபாய் ஆப்டிகல் கேபிளின் முனையிலும் தங்கம் பூசியிருந்தது. ஆப்டிகல் கேபிளில் போவது மின்சாரம் இல்லை, வெளிச்சம். ஜப்பானின் தோஷிபா கம்பெனி 1983இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஒரு மி.மீ. பருமனுள்ள பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்து செய்தி சொல்லும். அதற்குத் தங்கம் எதற்கு? ஜன்னலுக்குத் தங்கச் சட்டம் போட்டால் வெயில் கூடவா வரும்?

நீங்கள் உண்மையில் கவனிக்கவேண்டிய ஏமாற்று வேறொன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்தி, செம்பு வயர் மாதிரியே விற்கிறார்கள். சிசிஏ என்று பொடி எழுத்தில் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. அதே பருமனுக்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இழையும் சுலபமாக உடையும். கண்டுபிடிப்பது சுலபம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். (வெள்ளீயம் பூசிய செம்பு வயரும் உண்டு. அது வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம்.

வாங்கும்போது கேஜ் என்று சொன்னால், எண் பெரிதாகப் பெரிதாக வயர் ஒல்லி என்பதை மறக்காதீர்கள். 16 கேஜ், 14 கேஜ் என்று ஸ்பீக்கர் வயர் அட்டையில் போடுவது அமெரிக்கக் கணக்கு. 16 என்றால் 1.3 சதுர மி.மீ., 14 என்றால் 2.1. பேசாமல் சதுர மி.மீ. கேளுங்கள். நம் ஊர்க் கடைக்காரருக்கு அதுதான் புரியும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருப் பக்கம் போனால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். எலக்ட்ரிக் கடை இரண்டு கோர் வயரை ஸ்பீக்கருக்குப் போட்டால் ஒரு எச்சரிக்கை: முனையில் ஸ்பீக்கர் என்று எழுதி ஒட்டுங்கள். வீடு பெருக்க வரும் அம்மாவோ பேரனோ அதைப் பார்த்து பிளக் போட்டு சுவரில் சொருகிவிடக் கூடாது.

இடது, வலது ஸ்பீக்கருக்கு வயர் ஒரே நீளம் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்வார்கள். என் மச்சினர் வீட்டில் இடது ஸ்பீக்கர் ஆம்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் ஏழு மீட்டர் வயர் வாங்கி, மிச்சத்தைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். இல்லாவிட்டால் ஒரு ஸ்பீக்கரின் ஒலி முன்னே, இன்னொன்று பின்னே வருமாம். உண்மைதான், வரும். எவ்வளவு? வயரில் மின் சைகை ஒரு மீட்டரைக் கடக்க ஒரு வினாடியின் நூறு கோடியில் ஐந்து பங்கு போதும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஆயிரத்தில் மூன்று பங்கு ஆகிறது. அதாவது சோபாவில் நீங்கள் முழங்கையை மாற்றி வைத்துத் தலையை ஒரு செ.மீ. சாய்த்தாலே ஆயிரக்கணக்கான மீட்டர் வயர் வித்தியாசத்துக்குச் சமம். மச்சினரிடம் சொன்னேன். "அத்தான், வாங்கியாச்சு, தொங்கட்டும் விடுங்க" என்றார்.

அவர் வீட்டில் இன்னொரு தொல்லை. சப்வூஃபரில் எப்போதும் ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல். கடையில் சொல்லி மூவாயிரம் ரூபாய் கேபிள் மாற்றினார். இரைச்சல் அப்படியே இருந்தது. நான் போனபோது டிவிக்குப் பின்னால் வரும் கேபிள் டிவிக்காரர் வயரைக் கழற்றிப் பார்த்தேன், சட்டென்று நின்றது. தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரின் உறை ஓர் எர்த், வீட்டு பிளக்கின் எர்த் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சின்ன மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வந்து ஸ்பீக்கரில் இரைகிறது. இதற்குக் கேபிள் டிவி வயரில் மாட்டும் ஐசோலேட்டர் என்ற சின்னத் துண்டு போதும். டிவி, ஆம்ப், சப்வூஃபர் மூன்றையும் ஒரே போர்டில் சொருகினாலும் பல வீடுகளில் குறையும். சில எலக்ட்ரீஷியன்கள் பிளக்கின் மூன்றாவது காலை வெட்டிவிட்டால் இரைச்சல் போகும் என்பார்கள். போகும். அதோடு உங்கள் பாதுகாப்பும் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

சப்வூஃபருக்கு உறை போட்ட சாதாரண ஆர்சிஏ கேபிள் போதும். முனை ஆட்டம் காணாமல் இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். கரண்ட் வயரோடு கட்டி ஓட்டாதீர்கள். குறுக்கே போயே ஆகவேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இத்தனை கணக்குப் போட்டு, பின்பக்கத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் 20 மீட்டர் புது வயர் 1,400 ரூபாய்க்கு வாங்கி மாற்றினேன். முன்பக்கம் நாலு மீட்டர்தான் என்பதால் அந்தக் கண்ணாடி வயரே இருக்கட்டும் என்று விட்டேன். அந்தத் தூரத்துக்கு அது தாராளம். மாற்றியும் என் மனைவிக்கு வசனம் புரியவில்லை. அவள் சொன்னாள்: "ஏங்க, இந்த நடுவுல இருக்கிற பொட்டி பேசவே மாட்டேங்குதே." கிட்டே போய்க் காதை வைத்தேன். சென்டர் ஸ்பீக்கரில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை! இயற்பியல் வாத்தியார் இழை எண்ணிக்கொண்டிருந்தார், காது கேட்காதவள் கண்டுபிடித்தாள்.

காரணம் இதுதான். டிவியின் செட்டிங்கில் ஒலி வெளியேறும் வழி பிசிஎம் என்று இருந்தது. அப்படியிருந்தால் ஆப்டிகல் வழியாக இடது, வலது என்று இரண்டு பாதை ஒலி மட்டுமே போகும். ஆம்பும் ஸ்டீரியோவில் இருந்தது. ஆகவே ஐந்து ஸ்பீக்கரில் மூன்று சும்மா உட்கார்ந்திருந்தன. 12,400 ரூபாய் வயரில் ஊமை ஸ்பீக்கர்!

பழைய டிவிடி பிளேயரோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்து டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் பொத்தலுக்கும் ஆம்பில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் பொத்தலுக்கும் மாட்டினேன். (டிவியில் மூன்று பொத்தல் இருந்தால் ஒன்றில்தான் ஏஆர்சி என்று எழுதியிருக்கும். வேறு பொத்தலில் மாட்டிவிட்டு கேபிள் சரியில்லை என்று கடைக்குப் போகாதீர்கள்.) செட்டிங்கில் பிசிஎம்மை எடுத்துவிட்டு பிட்ஸ்ட்ரீம் வைத்தேன். ஆம்பை ஸ்டீரியோவிலிருந்து சரவுண்டுக்கு மாற்றினேன். ஏஆர்சி 2009இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4இல் தொடங்கிய வசதி. இதற்கு விசேஷ கேபிள் தேவையில்லை. ஓடிடி படங்களில் வரும் டால்பி அட்மாஸும் பெரும்பாலும் இந்த ஏஆர்சி வழியாகவே போய்விடும். ஆப்டிகலில் அது போகாது. சாதாரண டால்பி 5.1 வரைதான் அதன் கொள்ளளவு. ப்ளூரே பிளேயரின் முழு ஒலியை டிவி வழியாக ஆம்புக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஈஏஆர்சி வேண்டும். அதற்கு இருபக்கமும் ஈஏஆர்சி உள்ள டிவியும் ஆம்பும் வேண்டும். அங்கேயும் ஈதர்நெட்டோடு வரும் ஹை ஸ்பீட் கேபிளே போதும்.

டிஜிட்டல் கேபிளில் நடுத்தரம், உயர்தரம் என்று ஒலியில் படிப்படியாக வித்தியாசம் வராது. அது விடைத்தாளில் ஒன்றும் பூஜ்யமும் எழுதி அனுப்புவது மாதிரி. எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஒன்று ஒன்றுதான், பூஜ்யம் பூஜ்யம்தான். படிக்கவே முடியாத அளவுக்குக் கெட்டால் ஒலி விட்டு விட்டு வரும், அல்லது நின்றுவிடும். "இந்த ஹெச்டிஎம்ஐ போட்டதும் குரல் கனிஞ்சு வருது" என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாருங்கள். 2.1 கேபிள் என்று விற்பதும் சரியில்லை. கேபிளுக்கு அப்படி வரிசை எண் கிடையாது, வேகத்தை வைத்துத்தான் பெயர். பெரிய டிவியில் வீடியோ கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் என்று பார்த்து வாங்குங்கள். அசல் என்றால் ஸ்கேன் செய்து பார்க்கும் முத்திரை அட்டையில் ஒட்டியிருக்கும். மற்றவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. முன்பக்க இடது ஸ்பீக்கரின் சிவப்பையும் கருப்பையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். கண்ணாடி போடாமல் செய்த வேலை. ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். கனமான ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பாட்டு தகர டப்பாவில் பாடுவது போல இருந்தது. இதைச் சோதிக்க வகுப்பில் நாம் செய்ததுதான். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, டார்ச்சுக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொடுங்கள். நேர்முனை சிவப்பில் என்றால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வரவேண்டும். உள்ளே போனால் தலைகீழ். செலவு ஒரு பேட்டரி, அதுவும் கெடாது. பேத்தி இதை நாலு தரம் செய்யச் சொல்லிப் பார்த்தாள்.

கடைக்கு மறுபடி போனேன். சண்டைக்கு இல்லை. ஆப்டிகல் கேபிளைக் கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை, பிரித்துவிட்ட பொருள். பில்லின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி அவனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், ஆம்ப்ல எங்களுக்கு ஒண்ணும் நிக்காது சார். டார்கெட்டே கேபிள்லயும் ஸ்டாண்டுலயும்தான்" என்றான். அவனுக்கு இரண்டு குழந்தைகள். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி அந்த டார்கெட்டில் இருக்கிறது. அவனைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். தொண்ணூறு மார்க் வாங்கிய பையன் அவன். அவன் போட்ட கணக்குகளில் எல்லாம் விடை சரியாக இருந்தது. அந்த விடை பெரிதா சிறிதா என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

"ஒண்ணு செய்யேன்" என்றேன். "வர்றவங்ககிட்ட வயரை விக்கிறதுக்கு முன்னாடி ஹால் எத்தனை அடின்னு கேளு. அதுக்கு ஏத்த வயரைக் குடு. மிச்சப் பணத்துக்குக் கொஞ்சம் பெரிய சென்டர் ஸ்பீக்கர் குடு. அதுல உனக்கு ஏதாவது நிக்குமா?" யோசித்தான். "கொஞ்சம் நிக்கும் சார். ஆனா மொதலாளிகிட்டக் கேக்கணும்" என்றான். கேட்டானா என்று தெரியாது. போன வாரம் என் உறவுக்காரப் பையன் ஒருவன் அதே கடைக்குப் போயிருக்கிறான். அவனிடம் முதலில் ஹால் அளவைத்தான் கேட்டார்களாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் இப்போது சென்டர் ஸ்பீக்கரை மற்றவற்றை விட 4 டெசிபெல் கூட்டி வைத்திருக்கிறேன். முன்பு தரையோரமாக இருந்ததைக் கொஞ்சம் உயர்த்தி, சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் ஒரு ஜமுக்காளம். மொசைக் தரையிலும் வெறும் சுவரிலும் மோதித் திரும்பும் எதிரொலி வசனத்தைக் கெடுப்பதைப் போல எந்த வயரும் கெடுக்காது. காதுக்கருவி விஷயத்தையும் டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஹோம் தியேட்டர் அதற்கு மாற்று இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை 'காதலிக்க நேரமில்லை' போட்டோம். 1964 படம், அந்தக் காலத்து ஒற்றைப் பாதை ஒலி. சரவுண்டில் வைத்தால் முழுவதும் சென்டரில் வந்து நிற்கிறது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம் வந்தது. நான் என் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் சிரிப்பதற்கு அரை நொடி முன்னால் அவள் சிரித்தாள்.

கேபிள் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு எத்தனை மீட்டர், ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்து எழுதுங்கள். "எது பெஸ்ட் சார்?" என்று மட்டும் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. உங்களுக்கு அப்போதும் நான் மார்க் போட்டதில்லை.